குடில் பொம்மையைத் திருப்பிப் பாருங்கள்

போன மாத இதழில், இத்தாலியின் வடகோடியில் ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் தெற்கு திரோல் பகுதியில் மரத்தில் செதுக்கும் கிறிஸ்துமஸ் குடில்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நாகர்கோவில் பக்கம் சொரூபப் பட்டறை, அதாவது கோயில்களுக்குப் புனிதர் சிலை செய்யும் பட்டறை, வைத்திருக்கிறேன். நாற்பது வருடமாக உளி பிடிக்கிறேன். மகள் போல்ட்ஸானோ நகரத்தில் செவிலியராக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன மூன்று டிசம்பர்களிலும் என் கால்கள் மரம் செதுக்குகிற இடங்களுக்குத்தான் போயின.

ஐயா, மகன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். டிசம்பர் 20-க்கு மேல் நானும் கணவரும் அங்கே போகிறோம். நீங்கள் எழுதிய குடில்களைப் பார்க்க எங்கே போக வேண்டும்? எனக்கு மூட்டு வலி உண்டு, நிறைய நடக்க முடியாது. — வாசகி, தூத்துக்குடி

மகன் இருக்கும் ஊரிலேயே தொடங்குங்கள் அம்மா. மியூனிக்கில் பவேரிய தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருக்கும் குடில்களில் பெரும்பகுதி மாக்ஸ் ஷ்மெடரர் என்ற ஒரே மனிதர் தேடித் தேடிச் சேர்த்தவை. 1892-லிருந்து அவற்றை அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவந்தார். ஆல்ப்ஸ் குடில்களோடு நேப்பிள்ஸ், சிசிலிக் குடில்களும் அங்கே உண்டு. நேப்பிள்ஸ் குடிலில் மாதாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மீன் விற்பவர்களும் காய்கறிக் கூடைகளும் சாப்பாட்டுக் கடையுமாக ஒரு தெருவே நிற்கும். அதைப் பார்த்த கையோடு ஆல்ப்ஸ் குடிலைப் பார்த்தால் சத்தமெல்லாம் அடங்கி ஒரு மலைக்கிராமத்துக்குள் வந்த மாதிரி இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் ரயிலேறி, ப்ரென்னர் கணவாயைத் தாண்டி, தெற்கு திரோலில் இருக்கும் பிரிக்ஸன் நகரத்துக்குப் போங்கள். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பழைய ஆயர் மாளிகையான ஹோஃப்புர்கில்தான் மறைமாவட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. 1791-லிருந்து 1828 வரை ஆயராக இருந்த கார்ல் ஃபிரான்ஸ் லோட்ரோன் குடில் மேல் பெரிய ஆசை கொண்டவர். அவருக்காக ப்ரோப்ஸ்ட் சகோதரர்கள் செய்த குடிலில் மட்டும் ஏறக்குறைய 5,000 உருவங்கள். பிறப்புக் காட்சியோடு அது முடிவதில்லை. மீட்பு வரலாற்றையே காட்சி காட்சியாக விரித்திருக்கிறார்கள். அங்கே அவசரப்படாதீர்கள். ஒரு காட்சிக்கு முன்னால் நின்று, கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கும் ஆளைப் பாருங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த முகத்துக்கும் அவர்கள் ஒரு பாவனை கொடுத்திருக்கிறார்கள். என்னை அங்கே அரை நாள் நிறுத்தி வைத்தது அந்தக் கடைசி வரிசைதான்.

முடிந்தால் அங்கிருந்து பஸ்ஸில், மரம் செதுக்குவதற்குப் பேர்போன கார்டேனா பள்ளத்தாக்குக்குப் போங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். பள்ளத்தாக்கின் முக்கிய ஊருக்கு மூன்று பெயர்கள். லதீன் என்ற உள்ளூர் மொழியில் (லத்தீன் அல்ல) உர்த்தியெய், ஜெர்மனில் ஸாங்க்ட் உல்ரிஷ், இத்தாலியனில் ஓர்த்திஸெய். பெயர்ப் பலகையிலும் மூன்றும் இருக்கும். அங்கே 1960-லிருந்து உள்ளூர் அருங்காட்சியகம் நடக்கிறது. பழைய மர பொம்மைகள், சொரூபங்கள், மலையில் கிடைத்த புதைபடிவங்கள் எல்லாம் ஒரே வீட்டில் இருக்கின்றன. ஊர் 1,236 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பரில் தெரு வழுக்கும். அடிப்பாகம் பிடிப்பான காலணி இல்லாமல் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். கிறிஸ்துமஸையொட்டிச் சில நாட்கள் மூடியிருப்பார்கள், அதனால் தேதியை மகனைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நீங்கள் போட்டிருந்த படத்தில் பெத்லகேமில் பனி கொட்டிக் கிடக்கிறது. இடையர்கள் தோல் கால்சட்டையும் இறகு வைத்த தொப்பியும் போட்டிருக்கிறார்கள். இது வேதத்துக்கு மாறாக இல்லையா? — வாசகர், நாகப்பட்டினம்

நானும் முதலில் இப்படித்தான் கேட்டேன். ஆனால் அந்தப் பனி எப்படி வந்தது என்று தெரிந்தபோது எனக்கு அந்த மக்கள் மேல் மரியாதை கூடியது.

குடில் வைக்கும் வழக்கத்தை அசிசி பிரான்சிஸ் தொடங்கினார் என்று நாம் சொல்வோம். 1223-ல் இத்தாலியின் கிரெச்சோ என்ற மலையூரில் வைக்கோல் பரப்பி, ஒரு மாட்டையும் ஒரு கழுதையையும் நிற்க வைத்துத் திருப்பலி நடத்தச் செய்தார். சொரூபம் எதுவும் கிடையாது. அந்த மாடும் கழுதையுமே பிறப்பைச் சொல்லும் நற்செய்திப் பகுதியில் இல்லை, பார்த்திருக்கிறீர்களா? தன் எஜமானை மாடும் கழுதையும்கூட அறியும் என்று பழைய ஏற்பாட்டில் எசாயா இறைவாக்கினர் சொன்ன வரியிலிருந்து வந்து நிற்கின்றன. ஆகவே குடிலில் எழுத்துக்கு எழுத்து வேதம் என்பது தொடக்கத்திலேயே கிடையாது.

பொம்மைகள் வைத்த குடிலை ஆல்ப்ஸ் பக்கம் பரப்பியவர்கள் இயேசு சபைக் குருக்கள். 1562-ல் ப்ராக் நகரில் வைத்தார்கள். 1600-களின் தொடக்கத்தில் மியூனிக்கிலும், இன்று ஆஸ்திரியாவில் இருக்கும் இன்ஸ்ப்ருக்கிலும் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு மறைக்கல்வி சொல்ல நல்ல வழி. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் குடில் கோயிலின் சொத்தாகத்தான் இருந்தது. பிறகு, ஆஸ்திரியாவையும் திரோலையும் ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப் காலம் வந்தது. வழிபாட்டில் ஆடம்பரம் கூடாது, அறிவுக்குப் பொருந்தாத வழக்கம் கூடாது என்று வரிசையாகச் சட்டம் போட்டவர் அவர். 1782-ல் கோயில்களில் குடில் வைக்கத் தடை வந்தது.

ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குடிலை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். திரோல் விவசாயி வீட்டில் கணப்பு இருக்கும் ஒரே அறையின் மூலையில், சிலுவை மாட்டியிருக்கும் சுவருக்குக் கீழே, மலையே எழும்பியது. வேர்க்கட்டை பாறையானது. காட்டுப் பாசி புல்வெளியானது. வீட்டுக்காரனே செதுக்கினான். எருசலேமை அவன் கண்டதில்லை. அவன் கண்டது பனி, தன் ஊர்க் கூரை, தன் அண்ணன் போடும் தொப்பி. அதைச் செதுக்கினான். சாமியார் காட்ட நாம் பார்த்த குடில் போய், நாமே உள்ளே நிற்கும் குடில் வந்தது. தடை போன பிறகும் வீட்டுக் குடில் போகவில்லை.

பாலஸ்தீன வீடும் ஒட்டகமும் வைத்த குடில்களும் அங்கே உண்டு. அதைக் கிழக்கத்தியக் குடில் என்றும், பனிக் கூரை வைத்ததை ஊர்க் குடில் என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். ஒரே தெருவில் இரண்டையும் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்த உருவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக் குடிலில் கிழட்டு இடையன் ஒருவன் கொட்டகை வாசலில் நிற்கிறான். உயரம் ஒரு சாண்கூட இல்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருக்கிறான். தொப்பி அழுத்திய இடத்தில் தலைமுடி படிந்து, நெற்றியைச் சுற்றி ஒரு பள்ளம் தெரிகிறது. அந்தப் பள்ளத்தைச் செதுக்கியவன் தன் அப்பா வீட்டுக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றுவதை ஆயிரம் முறை பார்த்திருக்க வேண்டும். வேதத்துக்கு மாறு என்று அவனைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்ஸ்ப்ருக் பக்கத்தில் தௌர் என்ற கிராமத்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகப் போய்க் குடில் பார்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கதவைத் தட்டலாம். குடிலை நின்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மனசாரச் சொன்னால் வீட்டுக்காரர் ஒரு சிறு கிண்ணத்தில் பழச் சாராயம் ஊற்றித் தருவார். அதற்கு ‘குளோரியா தண்ணீர்’ என்று பெயர்.

எத்தனையோ மலைகள் இருக்க, இந்த ஒரு பள்ளத்தாக்கு மட்டும் மரம் செதுக்கும் ஊராக ஆனது எப்படி? — கல்லூரி மாணவர், காரைக்குடி

குளிர்காலம் நீளம், நிலம் கொஞ்சம், காடு நிறைய. ஆல்ப்ஸில் இது பல ஊர்களுக்குப் பொருந்தும். பவேரியாவில் ஓபரம்மர்காவ் என்ற ஊரும் இப்படிச் செதுக்கும் ஊர்தான். 1634-லிருந்து, இயேசுவின் சிலுவைத் துன்பத்தை நடிக்கும் திருப்பாடுகள் நாடகம் போடும் அதே ஊர். அங்கே 1910-ல் திறந்த அருங்காட்சியகத்தில் அருமையான குடில்கள் இருக்கின்றன.

கார்டேனாவைத் தனியாக உயர்த்தியது விற்கத் தெரிந்த ஆட்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 1600-களில் ட்ரெபிங்கர், வினாட்ஸர் என்ற இரண்டு குடும்பங்கள் சொரூபம் செதுக்கத் தொடங்கின. அப்பனிடமிருந்து மகன், மகனிடமிருந்து பக்கத்து வீட்டுப் பையன் என்று தொழில் பரவியது. சரக்கை முதுகுச் சட்டத்தில் கட்டிச் சுமந்துகொண்டு பள்ளத்தாக்குக்காரர்கள் கணவாய் தாண்டி நடந்தார்கள். போன ஊர்களில் கடை போட்டார்கள். பள்ளத்தாக்குக்குள் வண்டிப் பாதை 1856-ல்தான் வந்தது. அதற்கு முன்பே அவர்கள் பொம்மை கடல் தாண்டியிருந்தது.

1800-களில் சொரூபத்தைவிட பொம்மைதான் அதிகம். கை கால் மூட்டில் மர ஆணி போட்டு அசையும்படி செய்த மரப்பாச்சிகள். கறுப்பு வர்ணத்தில் தலைமுடி, கன்னத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு. இங்கிலாந்தின் விக்டோரியா ராணி சிறுமியாக இருந்தபோது 132 மரப்பாச்சிகள் வைத்திருந்தார். அவற்றுக்குத் தானும் ஆசிரியையுமாகத் துணி தைத்துப் போட்டார். அந்த வகைப் பொம்மைகள் இந்தப் பள்ளத்தாக்கின் சரக்கு.

அருங்காட்சியகத்தில் அவை கண்ணாடிக்குள் வரிசையாக நிற்பதைப் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அழகை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது. அந்தப் பொம்மைகளை வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேர்ந்து செய்தார்கள். ஒரு வீடு குதிரை மட்டும் செய்யும், ஒரு வீடு ஆடு மட்டும். பாட்டி செய்த அதே உருவத்தைப் பேத்தியும் செய்வாள். மொத்த வியாபாரி எண்ணிக்கைக் கணக்கில் வாங்கிக்கொண்டு போவார். விலை அவர் சொன்னதுதான். நம் ஊரில் தீப்பெட்டி ஒட்டியவர்களுக்கும் பீடி சுற்றியவர்களுக்கும் இந்தக் கணக்கு புரியும்.

அண்ணாச்சி, நானும் தச்சு வேலைக்காரன். அவர்கள் எந்த மரத்தில் செய்கிறார்கள்? உளி நம்ம உளிதானா? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். — வாசகர், செங்கோட்டை

உங்களுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன் தம்பி.

மூன்று மரங்கள். முதலாவது, அவர்கள் ட்ஸிர்பெ என்று சொல்லும் ஒரு பைன். ஆல்ப்ஸில் 1,500 மீட்டருக்கு மேலே, மற்ற மரங்கள் கைவிட்டுவிடும் உயரத்தில் வளரும். மிக மெதுவாக வளரும், நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். இதன் விதை காற்றில் பறக்காது. காக்கை இனத்துப் பறவை ஒன்று, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டது, குளிர்காலத்துக்காக விதைகளை ஆங்காங்கே மண்ணில் புதைத்து வைக்கும். அது திரும்பி எடுக்காமல் விட்ட விதைதான் முளைத்து மரமாகிறது. மகளோடு மேலே காட்டுக்குப் போனபோது ஒரு பாறை இடுக்கில் நாலைந்து கன்றுகள் ஒரே கொத்தாக நின்றன. அது பறவையின் சேமிப்புக் குழி என்று கூட வந்தவர் காட்டினார். அங்கே நான் தொப்பியைக் கழற்றினேன்.

இந்த மரம் மென்மை. வளையம் நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். குறுக்காக உளி போட்டாலும் சில்லு தெறிக்காது, வெண்ணெய் மாதிரி சுருளும். ஆனால் கணு நிறைய. செம்பழுப்பில், கட்டையோடு இறுகப் பிடித்த கணுக்கள். நாம் கணு இல்லாத இடம் தேடி அறுப்போம். அவர்கள் கணுவை விடுவதில்லை, எங்கே வர வேண்டும் என்று யோசித்துக் கட்டையைத் திருப்பிப் போடுகிறார்கள். நான் பார்த்த ஒரு பெரியவர் இடையனின் தோளில் கணு வரும்படி வைத்தார். ஆட்டுக்குட்டி உட்காரும் இடம் அது. குட்டியின் உடம்பே கணுவாக, கொஞ்சம் கறுத்து, தனியாகத் தெரிந்தது. பட்டறை முழுக்க பிசின் வாசனை. வர்ணம் பூசாத ட்ஸிர்பெ பொம்மையை வருடங்கள் கழித்து மூக்கருகில் கொண்டுபோனாலும் அந்த வாசனை மெலிதாக வரும்.

இரண்டாவது, லிண்டன் மரம். ரேகையே தெரியாத, வெளுத்த மரம். முகம், விரல், துணி மடிப்பு என்று நுணுக்கமான வேலைக்கும், வர்ணம் பூசும் சொரூபத்துக்கும் இதுதான். மூன்றாவது மேப்பிள். கடினம். சின்ன உருவங்களுக்கு எடுக்கிறார்கள்.

கட்டை எடுக்கும்போது நடுக்குருத்தை விலக்கிவிடுகிறார்கள். மரம் காயும்போது வளையத்தின் வழியாகச் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுக்குருத்தோடு முழு உருளையாக விட்டால் எங்கேயாவது பிளந்துதான் தீரும், உங்களுக்குத் தெரியாததா! ஆள் உயரச் சொரூபமாக இருந்தால் முதுகுப் பக்கம் குடைந்து ஓடாக்கிவிடுவார்கள். இது ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய பீடச் சொரூபங்களிலேயே இருக்கிறது. குமிழ் மரத்தில் பெரிய உருப்படி செய்யும்போது நானும் இப்போது முதுகைக் குடைகிறேன்.

உளி நம் உளியின் சொந்தக்காரன்தான். ஆனால் எண்ணிக்கை என்னை அசர வைத்தது. வாய் நேராக, வளைந்து, குழிந்து, ‘வ’ வடிவில் மடிந்து என்று ஒரே பலகையில் நூறுக்கு மேல் மாட்டியிருந்தார் அந்தப் பெரியவர். தேடவே இல்லை. கை பின்னால் போகும், சரியான உளியோடு வரும். கொட்டாப்புளி நம்முடையது போல இல்லாமல் உருண்டையாக இருக்கிறது. எந்தப் பக்கம் பட்டாலும் ஒரே அடி.

வர்ணம் பூசுவது அங்கே தனித் தொழில். தோல் பசையில் சுண்ணக்கட்டித் தூளைக் குழைத்துப் பல பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. பூச்சு தடித்து மூக்கும் விரல் இடுக்கும் மழுங்கிவிடும் என்பதால் மறுபடி சின்ன உளியால் வெட்டி எடுப்பார்கள். தங்கம் வரும் இடத்தில் செம்மண் பூச்சு. மேலே தங்கத் தாளை ஒட்டிக் காய்ந்ததும் அகேட் கல்லால் தேய்ப்பார்கள். கல் நகர நகர, மங்கலாக இருந்தது தீப்பிடித்த மாதிரி எழும்பும்.

பெண்கள் சொரூபம் செதுக்குகிறார்களா? — வாசகி, திண்டுக்கல்

செதுக்குகிறார்கள். பொம்மைக் காலத்தில் செதுக்கியும் வர்ணம் பூசியும் பள்ளத்தாக்கைத் தாங்கியதே பெண்கள்தான். பெயர் மட்டும் வெளியே வரவில்லை. என் பட்டறையில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். முகம் முடிக்கும் வேலை அவர்களுடையது.

வாங்கும்போது கையால் செய்ததா, இயந்திரம் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? — வாசகர், கோயம்புத்தூர்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தில் செய்வது தப்பு இல்லை. 1912-ல் அந்தோன் ரிஃபேஸர் என்பவர் தொடங்கிய அன்ரி போன்ற நிறுவனங்கள்தான் இந்த ஊர்ப் பொம்மையை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. இன்று கடையில் இருப்பதில் பெரும்பாலானவற்றுக்கு இயந்திரம்தான் முதல் வடிவம் கொடுக்கிறது. நடுவில் மாதிரி உருவம் நிற்கும். ஒரு மழுங்கிய முனை அதன் மேல் தடவிக்கொண்டே போகும். அதே அசைவில் வரிசையாக இருக்கும் வெட்டு முனைகள் பல கட்டைகளை ஒரே நேரத்தில் குடையும். வெளியே வருவது தூக்கத்திலிருந்து எழுந்த முகம் மாதிரி இருக்கும். கண், உதடு, விரல் எல்லாம் அதன் பிறகு ஆட்கள் திருத்தி எடுக்க வேண்டும். வர்ணமும் கையால்தான். அந்த வேலையும் வேலைதான். மாதிரியைக் கையால் செதுக்கியவரும் ஒரு கலைஞர்தான். தப்பு எங்கே வருகிறது என்றால், இயந்திரத்தில் வந்ததை முழுக்கக் கைவேலை என்று சொல்லி விற்கும்போது.

சரி, எப்படிப் பார்ப்பது? பொம்மையைத் திருப்புங்கள். முன்பக்கம் யாரும் நன்றாகத்தான் முடிப்பார்கள். முதுகில் உளித் தழும்புகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று அழுத்தம் என்று ஒழுங்கில்லாமல், ஆனால் ஒரு ஓட்டத்தோடு போனால் அது கை. வழவழவென்று தேய்த்திருந்தாலோ, ஒரே இடைவெளியில் சன்னக் கோடுகள் இணையாக ஓடினாலோ இயந்திரம். அப்புறம் ஆழமான இடுக்குகளைப் பாருங்கள். அங்கிக்கும் முழங்காலுக்கும் நடுவே, கைக்கும் மார்புக்கும் நடுவே. சுழலும் முனை நுழைய முடியாத வளைவுக்குள் வெட்டு போயிருந்தால், ஒருவர் நேரம் செலவழித்திருக்கிறார். அதே கடையில் அதே உருவம் இன்னொன்று இருந்தால் பக்கத்தில் வைத்து, விரல்களின் இடைவெளியை ஒப்பிடுங்கள். கை இரண்டு தடவை ஒரே மாதிரி போகாது.

கடைக்காரரிடம் நேராகக் கேட்கவும் கேளுங்கள். அந்த ஊரில் நான் கேட்ட இடங்களில் எல்லாம் ஒளிக்காமல் சொன்னார்கள்.

ஓர்த்திஸெய் ஊரிலிருந்து அண்ணன் வாங்கி வந்த சூசையப்பர், வர்ணம் பூசாதது, மே மாதம் பாதத்திலிருந்து இடுப்பு வரை பிளந்துவிட்டது. மெழுகு வைத்து அடைக்கலாமா? அடியில் கொஞ்சம் மாவு போலவும் கொட்டுகிறது. — வாசகி, மதுரை

அடைக்காதீர்கள்! முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் உங்கள் கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்தேன்.

எனக்கும் நடந்தது. அந்தப் பெரியவர் தோளில் கணு வைத்துச் செதுக்கினார் என்று எழுதினேனே, அந்த இடையனைத்தான் நான் வாங்கி வந்தேன். வீட்டில் மேற்கு ஜன்னல் பக்கம் வைத்தேன். ஏப்ரல் வெயில் தினமும் மூன்று மணிக்கு மேல் நேராக அவன் முதுகில் விழுந்தது. ஒரு மத்தியானம் சடக்கென்று சத்தம் கேட்டது. ஏதோ விழுந்தது என்று போய்ப் பார்த்தால் இடுப்பிலிருந்து அடிப்பலகை வரை ஒரு கோடு. தபால் அட்டை நுழையும் அகலம். நாற்பது வருடம் மரத்தோடு இருந்தும் வெயில் விழும் இடத்தில் வைத்தேனே என்று மிகவும் வருத்தப்பட்டேன்.

மரம் காற்றில் உள்ள ஈரத்துக்குத் தகுந்தபடி குடிக்கவும் விடவும் செய்துகொண்டே இருக்கும். மதுரை மே மாதத்தில் அது வெளிப்பக்கம் வேகமாக உலர்கிறது, உள்பக்கம் அதே வேகத்தில் உலர முடியாது. வெளித்தோல் சுருங்க இடமில்லாமல் கிழிகிறது. இந்த நிலையில் மெழுகோ, மரத்தூள் பசையோ வைத்து அடைத்தால், ஐப்பசி மழையில் மரம் திரும்ப உப்பும்போது மூட முடியாமல் வேறு பக்கம் பிளக்கும். ஒரு முழு வருடம் காத்திருங்கள். வெயில் படாத, ஏ.சி. காற்று நேராக அடிக்காத, வெளிச் சுவரில் சாயாத ஓர் இடம். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். கறுத்துப் பிசுபிசுக்கும், தூசி பிடிக்கும். மழைக்காலத்தில் எவ்வளவு மூடுகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் மனசுக்கு உறுத்தினால் அதே மரத்தின் மெல்லிய சீவலை நுழைத்து ஒட்டலாம். நல்ல தச்சரிடம் கொடுங்கள்.

மாவு கொட்டுவது வேறு விஷயம். அது புழு. குண்டூசித் தலை அளவு துளை இருக்கிறதா பாருங்கள். வர்ணமும் தங்கமும் இல்லாத மரம் என்பதால் உங்களுக்கு எளிய வழி உண்டு. பாலித்தீன் பையில் இறுக்கமாகச் சுற்றி, உள்ளே இருக்கும் காற்றை முடிந்தவரை வெளியேற்றி, நன்றாக உறையும் ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் மரத்தின் மேல் நீர் கோத்துவிடும். வர்ணம் பூசிய பழைய சொரூபத்துக்கு இதைச் செய்யக்கூடாது. சுண்ணப் பூச்சு பெயர்ந்துவிடலாம்.

என் இடையனின் பிளவு இந்தக் கார்த்திகையில் தாள் கனத்துக்கு மூடியிருக்கிறது. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

தாத்தா, குடிலில் குழந்தை இயேசுவை எப்போது வைக்க வேண்டும்? மூன்று ராஜாக்களை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்துவிடுகிறார்கள். — ஆறாம் வகுப்பு மாணவி, மணப்பாடு

கண்ணு, அந்த மலை ஊர்களில் பல வீடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன், உனக்குப் பிடித்தால் செய். முதலில் மலை, கொட்டகை, மாடு, கழுதை மட்டும். தொட்டி காலியாக இருக்கும். அதற்காகவே குழந்தையைத் தொட்டியோடு சேர்க்காமல் தனியாகச் செதுக்குவார்கள். 24-ஆம் தேதி ராத்திரி வைக்க வேண்டும். வீட்டிலேயே சின்னப் பிள்ளைக்குத்தான் அந்த வேலை. உன் வீட்டில் யார் சின்னவர் என்று முடிவு செய்துகொள்.

ராஜாக்கள் ஜனவரி 6-ஆம் தேதிதான் வந்து சேர வேண்டும். அதுவரை அவர்களை வீட்டின் வேறொரு மூலையில் வை. அலமாரி மேல், ஜன்னல் திட்டில், எங்கேயும். தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு சாண் நகர்த்து. அங்கே குடிலைப் பிப்ரவரி 2 வரைகூட எடுக்காமல் வைத்திருப்பார்கள், அதனால் ராஜாக்களுக்குக் கொஞ்ச நாள் தங்க நேரம் கிடைக்கும்.

இன்னொன்று. இடையர் கூட்டத்தில் மணப்பாட்டுக்காரர் ஒருவரையும் நிறுத்து. கடலிலிருந்து நேராக வந்தவர் மாதிரி, தோளில் வலையோடு. கடையில் கிடைக்காது, நீதான் செய்ய வேண்டும். களிமண் போதும். கையை உடம்போடு ஒட்டியே வை, தனியாக நீட்டினால் காயும்போது உடைந்துவிடும். கால் இரண்டையும் பிரிக்காமல் வேட்டியாக ஒரே கட்டையாக விடு, நன்றாக நிற்கும். நிழலில் காய வை. வலையை மண்ணில் செய்யாதே. உங்கள் வீட்டில் கிழிந்த வலைத் துண்டு இருக்கும், அதில் உள்ளங்கை அளவு வெட்டித் தோளில் போடு. செய்து முடித்ததும் முன்னால் இருந்து ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து அனுப்பு.